கூட்டல் கணக்கை மறக்க வைத்த ஒரு ஆன்லைன் வகுப்பு: சிறுபான்மை அரசு எப்படி அமைகிறது?

தேர்தல் முடிவு வருகிற நாளில் எந்தக் கட்சியும் பாதியைத் தாண்டவில்லை என்று தெரிந்ததும், "அப்போ யார் ஆட்சி?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்பார். நான் உடனே கூட்டல் போட ஆரம்பித்துவிடுவேன். இவருக்கு இத்தனை, அவரைச் சேர்த்தால் இத்தனை, இன்னும் எட்டு குறைகிறது, அந்த எட்டு எங்கே இருந்து வரும். பல வருஷமாக இதைத்தான் அரசியல் அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கே பாதி தப்பு என்று புரிய வைத்த ஒரு ஆன்லைன் வகுப்பைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

வகுப்பின் பெயரையோ நடத்துகிறவர்களின் பெயரையோ போடப்போவதில்லை. நல்லதைச் சொன்னால் விளம்பரம் என்பார்கள், குறையைச் சொன்னால் வம்பு வரும், இரண்டும் எனக்கு வேண்டாம். ஆறு காணொளிப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குட்டித் தேர்வு, கடைசியில் நீங்களே ஒரு கட்சித் தலைவராக இருந்து ஆட்சி அமைக்கிற ஒரு சிமுலேஷன் விளையாட்டு. இதே மாதிரி வேறு வகுப்புகளும் இருக்கின்றன, ஆனால் இந்த விளையாட்டுக்காகத்தான் இதை வாங்கினேன்.

முதலில் சிரிப்பை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் முதல் பாடத்தில் பத்து நிமிஷம் நான் பாடத்தையே கவனிக்கவில்லை. தமிழ் சப்டைட்டில் உண்டு என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். எந்த மெஷின் மொழிபெயர்த்ததோ தெரியவில்லை, யாருக்கும் பாதிக்கு மேல் இடம் கிடைக்காத தொங்கு நாடாளுமன்றத்தை "தூக்கிலிடப்பட்ட நாடாளுமன்றம்" என்று போட்டிருந்தது. எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி உறுப்பினர்களுக்கு உத்தரவு போடுகிற கொறடா எல்லா இடத்திலும் "சவுக்கு". "கட்சியின் சவுக்கு உறுப்பினர்களுக்குக் கடிதம் அனுப்பினார்" என்று ஒரு வரி. சபையில் பலத்தை நிரூபிப்பது "தரைச் சோதனை" ஆகியிருந்தது, ஏதோ டைல்ஸ் கம்பெனி விளம்பரம் மாதிரி. சிறுபான்மை அரசு என்று சரியாகத்தான் போட்டிருந்தார்கள், ஆனால் நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு வேறு ஒரு வழக்கமும் இருப்பதால், மதச் சிறுபான்மையினரின் அரசு என்று புதிதாகப் பார்க்கிறவர் நினைத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. சபையில் பாதிக்குக் கீழே இடம் வைத்துக்கொண்டு ஆள்கிற அரசு, அவ்வளவுதான் அர்த்தம் என்று ஒரு வரி தமிழில் யாராவது உட்கார்ந்து எழுதியிருக்கலாம். சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பார்த்தேன், அப்புறம் நிம்மதி.

சரி, பாடத்துக்கு வருவோம். ஆரம்பம் பிரமாதம். விளக்கம், வரையறை எதுவும் இல்லாமல் நேராக ஸ்வீடன் நாடாளுமன்றத்தில் 2021 நவம்பர் 24 அன்று நடந்த ஓட்டெடுப்பில் தொடங்குகிறார் ஆசிரியை. மக்தலேனா ஆண்டர்சன் பிரதமராக வேண்டும். ஆதரவாக 117 ஓட்டு, எதிராக 174 ஓட்டு, நடுநிலை 57, ஒருவர் வரவில்லை. இந்த இடத்தில் காணொளியை நிறுத்திவிட்டு "இவர் ஜெயித்தாரா தோற்றாரா?" என்று கேட்கிறார்கள். நான் யோசிக்காமல் தோற்றார் என்று அழுத்தினேன். ஜெயித்துவிட்டார். 349 பேர் கொண்ட அந்தச் சபையில் ஒருவரைத் தடுக்க வேண்டுமென்றால் 175 பேர் எதிர்த்து ஓட்டுப் போட வேண்டும், அங்கே 174 பேர்தான் போட்டார்கள். தனக்கு எத்தனை பேர் என்பதை ஒரு பிரதமர் நிரூபிக்கத் தேவையே இல்லை, எதிராகப் பாதிக்கு மேல் சேராமல் இருந்தால் போதும். எனக்கு அந்த நிமிஷமே கொடுத்த காசு செரித்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

இந்த ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டே இரண்டாவது பாடம் முழுக்க நகர்கிறது, அதுதான் ஆறிலும் நல்ல பாடம். டென்மார்க்கில் இந்த ஓட்டெடுப்புகூட ஆரம்பத்தில் கிடையாது, எதிராகப் பெரும்பான்மை இல்லை என்று தெரிந்தால் பதவி ஏற்றுக்கொள்ளலாம், பிடிக்கவில்லை என்றால் பிறகு நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து இறக்கிக்கொள்ள வேண்டியது அவர்கள் பாடு. அங்கே 179 இடங்கள், நூறு வருஷத்துக்கு மேலாக எந்த ஒரு கட்சியும் தனியாகப் பெரும்பான்மை வாங்கியதே இல்லை, ஆகவே நாம் நெருக்கடி என்று சொல்வது அவர்களுக்கு வழக்கமான திங்கள்கிழமை. நார்வேயில் இதைவிடத் தமாஷ், 1997-ல் போண்டெவிக் தலைமையில் மூன்று கட்சிகள் சேர்ந்து அமைத்த அரசுக்கு 165-ல் 42 இடம்தான். கால்வாசி! அதை வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். அங்கே நான்கு வருஷம் முடியாமல் சபையைக் கலைக்கவும் முடியாது, எனவே இருக்கிற ஆட்களை வைத்துத்தான் எதையாவது செய்தாக வேண்டும்.

அப்படியே எதிர்ப்பக்கம் ஸ்பெயின். அங்கே முதல் சுற்றில் 350-ல் 176 கட்டாயம், இல்லாவிட்டால் 48 மணி நேரம் கழித்து இரண்டாவது சுற்று, அதில் எதிர் ஓட்டைவிட ஒன்று கூடுதலாக வாங்கினால் போதும். 2015 டிசம்பரில் ஒரு தேர்தல், யாரும் அமைக்க முடியவில்லை, 2016 ஜூனில் இன்னொரு தேர்தல், மறுபடியும் அதே கதை. கடைசியில் அக்டோபர் 29 அன்று பிரதமர் ரஹோய் 170-க்கு 111 என்று ஜெயித்தார். மீதி 68 பேர்? பல வருஷமாக அவரை எதிர்த்து வந்த சோஷலிஸ்ட் கட்சிக்காரர்கள், நடுநிலை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ஆதரிக்கிறேன் என்று சொன்னால் தொண்டன் அடிப்பான், எதிர்த்தால் மூன்றாவது தேர்தல் வரும், அதனால் வாயை மூடிக்கொண்டார்கள். அப்படியும் அந்தக் கட்சியில் 15 பேர் தலைமை சொன்னதைக் கேட்காமல் எதிர்த்துத்தான் போட்டார்கள், எதிர்த்த அந்த 111-ல் அவர்களும் சேர்த்திதான்.

ஜப்பான் உதாரணமும் நன்றாக இருந்தது. 2024 அக்டோபரில் ஆளும் கூட்டணிக்கு 465-ல் 215-தான் வந்தது. பிரதமர் தேர்வில் முதல் சுற்றில் யாருக்கும் பாதி இல்லை, இரண்டாம் சுற்றில் ஆளும் கூட்டணியின் இஷிபாவுக்கு 221, எதிர்க்கட்சியின் நோடாவுக்கு 160, செல்லாத ஓட்டு 84. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஓட்டுப் போடத் தெரியாதா என்று சிரிக்க வேண்டாம், இறுதிச் சுற்றில் இல்லாத தங்கள் தலைவர் பெயரையே பிடிவாதமாக எழுதிப் போட்டார்கள், அதுவும் ஒரு வகை நடுநிலைதான். எதிர்க்கட்சிகளைக் கூட்டினால் பெரும்பான்மை வருகிறதே என்று நம்மைப் போன்றவர்கள் டிவி முன்னால் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம், அவர்களோ ஒருவர் பெயரை இன்னொருவர் எழுதத் தயாராக இல்லை.

மூன்றாவது பாடம், யாரை முதலில் கூப்பிடுவது என்பது. பொருள் ருசியானது, பாடம் சுமார். பிரிட்டனில் 1974 பிப்ரவரியில் லேபருக்கு 301, கன்சர்வேடிவுக்கு 297. இடம் குறைந்தும் கன்சர்வேடிவ் பிரதமர் ஹீத் உடனே கிளம்பவில்லை, பதவியில் இருக்கிற பிரதமருக்கு முதலில் முயற்சி செய்து பார்க்கும் உரிமை உண்டு என்பது அங்கே மரபு, நாலு நாள் லிபரல் கட்சியோடு பேசிப் பார்த்து, ஒன்றும் நடக்காமல் ராஜினாமா செய்தார், லேபரின் வில்சன் வந்தார். இதை அழகாகச் சொன்னார்கள். பெல்ஜியம் 2010, 2011-ல் 541 நாள் புது அரசு இல்லாமல் காபந்து அரசோடு ஓட்டியதையும் சொன்னார்கள். ஆனால் இந்தியாவுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினார்கள் தெரியுமா, ஒரு நிமிஷம் நாற்பது வினாடி. நான் கடிகாரம் பார்த்தேன்.

யாரை முதலில் கூப்பிடுவது என்ற கேள்விக்கு இந்தியாவைவிட நல்ல பாடப்புத்தகம் ஏது? 1989-ல் 197 இடத்தோடு காங்கிரஸ்தான் பெரிய கட்சி, ஆனால் ராஜீவ் காந்தி உரிமை கோரவே இல்லை, 143 இடம் வைத்திருந்த ஜனதா தளத்தின் வி.பி. சிங், ஒரு பக்கம் பா.ஜ.க., இன்னொரு பக்கம் இடதுசாரிகள் என்று இருவரும் வெளியிலிருந்து தாங்க ஆட்சி அமைத்தார். 1996-ல் குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மா, 161 இடம் வாங்கிய பெரிய கட்சி என்ற கணக்கில் வாஜ்பாயைக் கூப்பிட்டார், 13 நாளில் ஓட்டெடுப்புக்கு முன்பே ராஜினாமா. 1998-ல் கே.ஆர். நாராயணன் அந்தத் தவறு மறுபடி நடக்க வேண்டாம் என்பதுபோல, ஆதரவுக் கடிதங்களைக் கையில் கொண்டுவாருங்கள் என்றார், அ.தி.மு.க.வின் கடிதம் வரும் வரைக்கும் எல்லோரும் காத்துக்கிடந்தது வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டு, "இந்தியாவிலும் கூட்டணி அரசுகள் உண்டு" என்று ஒரு வரி. சரண் சிங் பிரதமராகி ஒருமுறைகூட நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே 1979-ல் ராஜினாமா செய்ததையாவது சொல்லியிருக்கலாம், உலகத்தில் வேறு யாரிடம் இந்தக் கதை இருக்கிறது?

நான்காவது பாடத்தில் மறுபடி எழுந்து நிற்கிறார்கள். ஆதரவு என்றால் எத்தனை விதம் என்று பிரித்துக் காட்டுகிறார்கள், இதில்தான் எனக்குப் பல வருஷக் குழப்பம் தீர்ந்தது. மந்திரி பதவி வாங்கிக்கொண்டு உள்ளே வருவது ஒன்று. உள்ளே வராமல், பட்ஜெட்டிலும் நம்பிக்கை ஓட்டெடுப்பிலும் மட்டும் கைகொடுக்கிறேன், மற்ற மசோதா எல்லாம் அப்போதைக்கு அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது இன்னொன்று. கனடாவில் 2022 மார்ச்சில் லிபரல் கட்சியும் புதிய ஜனநாயகக் கட்சியும் போட்டது அதுதான், 2024 செப்டம்பரில் சின்னக் கட்சி அதைக் கிழித்துப்போட்டது. பிரிட்டனில் 2017-ல் 317 இடத்தோடு நின்ற பிரதமர் தெரசா மேக்கு வட அயர்லாந்தின் டி.யு.பி. கட்சி தன் 10 பேரைக் கொடுத்தது, பதிலுக்கு வட அயர்லாந்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டு நிதி. நியூசிலாந்தில் 2005-ல் செய்தது எல்லாவற்றையும்விட விசித்திரம், வின்ஸ்டன் பீட்டர்ஸ் வெளியுறவு மந்திரி, ஆனால் அமைச்சரவையில் இல்லை. நாட்டின் வெளியுறவையே பார்த்துக்கொள்வார், ஆனால் அமைச்சரவை முடிவுகளுக்கெல்லாம் கட்டுப்பட்டவர் இல்லை. சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நான் இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை என்று சொல்கிற மாமா மாதிரி.

இந்தப் பாடத்தில்தான் பிரிட்டனில் 650 இடம் என்றால் 326 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடாது என்பதையும் சொல்லித் தந்தார்கள். வட அயர்லாந்தின் ஷின் ஃபெயின் கட்சி ஜெயித்தாலும் வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது பிரிட்டன் நாடாளுமன்றத்தில், உட்காராது, 2017-ல் அவர்கள் 7 பேர். சபாநாயகரும் துணைச் சபாநாயகர்களும் ஓட்டுப் போடுவதில்லை. ஆகவே உண்மையில் தேவைப்பட்ட எண் இன்னும் கீழே இருந்தது. இது எனக்கு அப்போது ஒரு சின்னத் தகவலாகத்தான் பட்டது. விளையாட்டில்தான் இதன் அருமை தெரிந்தது.

விளையாட்டைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். கற்பனை நாடு, 200 இடம். என் கட்சிக்கு 84, முக்கிய எதிரிக்கு 71, அப்புறம் மூன்று சின்னக் கட்சிகள், 22, 14, 9. ஒவ்வொரு சின்னக் கட்சிக்கும் சில ஆசைகள், சில கோபங்கள், அவை முதலில் தெரியாது, பேசப் பேசத்தான் தெரியவரும். நாட்டுத் தலைவர் எனக்குப் பதினைந்து நாள் கொடுக்கிறார். ஓட்டெடுப்பில் வந்து ஓட்டுப் போடுகிறவர்களில் பாதிக்கு மேல் வேண்டும், அவ்வளவுதான் விதி.

முதல் முறை நான் என் பழைய புத்தியைக் காட்டினேன். 84-ம் 22-ம் 106, முடிந்தது வேலை. அந்த 22 பேர் நிதியையும் உள்துறையையும் கேட்டார்கள், கொடுத்தேன். பதவியேற்றதும் கைதட்டல் சத்தம் எல்லாம் வந்தது. நாலாவது சுற்றில் முதல் பட்ஜெட், நிதி மந்திரி அவர்கள் ஆள், வரிக் கணக்கு என் கட்சிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, நான் மாற்றச் சொன்னேன், அவர்கள் வெளியேறினார்கள், அரசு கவிழ்ந்தது. 106 பேரை வைத்துக்கொண்டு கவிழ்ந்தேன். இரண்டாவது முறை 14-ம் 9-ம் சேர்த்து 107 ஆக்கப் பார்த்தேன், அவர்கள் இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் ஆகாது, ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் எழுந்து போகிறார். பதினைந்து நாளும் ஓடிப்போய் எதிரியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா பையன்தான் சொன்னான். "மாமா, நீங்க எல்லார்கிட்டயும் என்கூட வான்னே கேக்குறீங்க. யார்கிட்டயாவது சும்மா இருன்னு கேட்டீங்களா?"

கேட்கவே இல்லை. இரண்டு பாடம் முழுக்க ஸ்வீடனையும் ஸ்பெயினையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, விளையாட உட்கார்ந்ததும் மறுபடி கூட்டல்தான் போட்டிருக்கிறேன். மூன்றாவது முறை 9 பேரை ஆதரவாக வாங்கினேன், 14 பேரிடம் ஆதரவு கேட்காமல், ஓட்டுப் போடாமல் இருங்கள் என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவர்கள் கேட்ட விலை ஆச்சரியமாகக் குறைவு, அவர்கள் பகுதிக்கு ஒரு திட்டத்தைத் தொடாமல் விட வேண்டும், அவ்வளவுதான். இப்போது எனக்கு 93. எதிரே 71-ம் 22-ம், அதுவும் 93. சரிசமம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டெடுப்புக்குப் போனேன். முடிவு 92-க்கு 93. ஒரு ஓட்டில் தோல்வி.

அந்த ஒரு ஓட்டு எங்கே போனது என்று அரை மணி நேரம் தேடினேன். சபாநாயகர்! பெரிய கட்சி என்பதால் விளையாட்டு தானாகவே என் கட்சி ஆளைச் சபாநாயகர் ஆக்கியிருந்தது, சரிசமம் ஆனால் ஒழிய அவர் ஓட்டுப் போட முடியாது, அவர் மேலே போய் உட்கார்ந்ததாலேயே சரிசமம் ஆகவில்லை. நாலாவது முறை முதல் வேலையாக அந்த நாற்காலியை 22 பேர் கட்சியின் மூத்தவர் ஒருவருக்கு மரியாதையோடு கொடுத்தேன். ஒரு மந்திரி பதவிகூடக் கொடுக்காத கட்சி, எனக்கு எதிராக ஓட்டுப் போடப்போகிற கட்சி, ஆனால் நாற்காலியின் கௌரவத்துக்கு ஒப்புக்கொண்டது. 93-க்கு 92. அக்கா பையன் கைதட்டினான், நான் ஏதோ நிஜமாகவே பிரதமர் ஆன மாதிரி எழுந்து நின்றுவிட்டேன், இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் என் மனக்குறை இன்னும் பெரிதாகிறது. 1999 ஏப்ரல் 17, வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரு ஓட்டில் விழுந்ததே, அன்றைக்குச் சபாநாயகர் யார்? ஜி.எம்.சி. பாலயோகி, தெலுங்கு தேசம். அந்தக் கட்சி அரசை ஆதரித்தது. அவர் கீழே உட்கார்ந்திருந்தால் கணக்கு வேறு. எதிர்ப்பக்கம் ஒடிசாவின் முதல்வராகிவிட்ட கிரிதர் கமாங், எம்.பி. பதவியை விடாமல் வைத்திருந்ததால் டெல்லிக்கு வந்து ஓட்டுப் போட்டார். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதில் ஆரம்பித்த கதை, ஒரு நாற்காலியிலும் ஒரு ராஜினாமா செய்யாத கடிதத்திலும் போய் முடிந்தது. தங்கள் விளையாட்டில் இவ்வளவு நுணுக்கமாக ஒரு பொறியை வைக்கத் தெரிந்தவர்கள், அதே பொறி நிஜத்தில் விழுந்ததைப் பாடத்தில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. அவர்கள் சொன்ன ஒரு ஓட்டுத் தோல்வி 1979 மார்ச் 28-ல் பிரிட்டனில் காலஹன் அரசு 311-க்கு 310 என்று விழுந்தது. அதுவும் நல்ல கதைதான், மறுக்கவில்லை.

விளையாட்டில் இன்னொரு குறை, பணம் என்று ஒரு பட்டனே இல்லை. பதவி கொடுக்கலாம், திட்டம் கொடுக்கலாம், மரியாதை கொடுக்கலாம், ஆனால் குதிரை பேரம் என்ற சொல்லே அந்தக் கற்பனை நாட்டில் கிடையாது. 1991-ல் நரசிம்ம ராவ் பெரும்பான்மை இல்லாமல்தான் பிரதமர் ஆனார். இடதுசாரிகளும் பா.ஜ.க.வும் ஒரே பக்கம் சேர்ந்து நிற்க முடியாமல் இருந்த வரைக்கும் அவருக்குக் கவலை இல்லை, பொருளாதாரத்தையே திருப்பிப்போட்ட முடிவுகளை அந்த அரைகுறை பலத்தில்தான் எடுத்தார். 1993 ஜூலையில் எல்லோரும் எதிரே சேர்ந்தபோது 265-க்கு 251 என்று தப்பித்தார், அதில் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா உறுப்பினர்கள் லஞ்சம் வாங்கினார்கள் என்று வழக்கு வந்தது. சபையில் போட்ட ஓட்டுக்கு லஞ்சம் வாங்கியவரை வழக்குப் போட்டுத் தண்டிக்க முடியாது என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியதும், இந்த வகுப்பின் பொருளுக்கு நடுநாயகமான விஷயங்கள். பணத்தைத் தொடாமல் சிறுபான்மை அரசைச் சொல்லித் தருவது, தண்ணீரைத் தொடாமல் நீச்சல் சொல்லித் தருகிற மாதிரி இருந்தது.

ஐந்தாவது பாடம் பட்ஜெட். இதுதான் ஏமாற்றம். பதவி ஏற்பது சுலபம், பட்ஜெட்டைத் தாண்டுவதுதான் கஷ்டம் என்று நாலு பாடமாகப் பீடிகை போட்டுவிட்டு, அந்தப் பாடத்தைப் பதினோரு நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். ஆண்டர்சனின் கதையின் மறுபாதியாவது இருந்தது, ஜெயித்த அதே நாள் எதிர்க்கட்சிகளின் பட்ஜெட் சபையில் நிறைவேற, பசுமைக் கட்சி அரசிலிருந்து வெளியேற, சுமார் ஏழு மணி நேரத்தில் ராஜினாமா, அடுத்த வாரம் 29-ம் தேதி மறுபடி ஓட்டெடுப்பு, 101 பேர் மட்டும் ஆதரவு, ஆனாலும் பிரதமர். கனடாவின் ஜோ கிளார்க்கையும் சொன்னார்கள், 1979-ல் 282-ல் 136 இடம், ஆனால் பெரும்பான்மை இருக்கிற மாதிரியே ஆள்வேன் என்று கிளம்பினார், டிசம்பரில் பட்ஜெட் 139-க்கு 133 என்று தோற்றது, பிப்ரவரியில் தேர்தல், முன்னாள் பிரதமர் பியர் ட்ரூடோ திரும்பி வந்தார். ஆறு இடம் குறைவு என்பதை மறந்த மனிதருக்கு ஆறு ஓட்டில் தோல்வி!

இலங்கை சுத்தமாக இல்லை. 1960 மார்ச் தேர்தலில் டட்லி சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50, சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15. டட்லி பிரதமர் ஆனார், தமிழரசுக் கட்சியின் கோரிக்கைகளை ஏற்கவில்லை, ஏப்ரலில் சிம்மாசனப் பிரசங்கத்தின், அதாவது அரசின் கொள்கையை அறிவிக்கும் உரையின், மீதான ஓட்டெடுப்பிலேயே அரசு விழுந்தது, ஜூலையில் மறுபடி தேர்தல், சிறிமாவோ பண்டாரநாயக்க வந்தார். 15 பேர் இருந்தால் என்ன செய்ய முடியும், அவர்களைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தமிழ் சப்டைட்டில் போட்டு விற்கிறவர்கள் யாருக்கு விற்கிறோம் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஆறாவது பாடம் கவிழ்ப்பது பற்றி. வேகமாக ஓடுகிறது, ஆனால் ஜெர்மனி முறையை நன்றாக விளக்கினார்கள். அங்கே ஒருவரை இறக்க வேண்டுமென்றால் அடுத்தவர் யார் என்று அதே ஓட்டில் சொல்ல வேண்டும், வெறும் கோபத்தை வைத்துக்கொண்டு கவிழ்க்க முடியாது, 1982-ல் கோல் அப்படித்தான் ஷ்மிட்டை இறக்கி வந்தார். ஸ்பெயினிலும் அதே விதி, 2018 ஜூன் 1 அன்று 84 இடம் மட்டும் வைத்திருந்த சோஷலிஸ்ட் கட்சியின் சாஞ்சேஸ் 180-க்கு 169 என்று ரஹோயை இறக்கினார், இரண்டு வருஷம் முன்பு வாயை மூடிக்கொண்டு அவரை ஏற்றிவிட்ட அதே கட்சி. பிரான்சில் அந்தப் பாதுகாப்பு கிடையாது, 2024 டிசம்பரில் இடதுசாரிகளும் வலதுசாரிகளும் சேர்ந்து 331 ஓட்டில் பிரதமர் பார்னியேவை மூன்றே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள், அடுத்து யார் என்பதில் அவர்களுக்குள் ஒரு பொருத்தமும் கிடையாது.

தொழில்நுட்பப் புகார்கள் சில. நாலாவது முறை ஜெயித்தவுடன் ஆப் ஹேங்க் ஆகிவிட்டது. தொங்கு நாடாளுமன்றத்தை நான் சரிசெய்தேன், ஆப் தொங்கிவிட்டது. மறுபடி திறந்தால் என் அரசு இருந்தது, பட்ஜெட் சுற்று முடிந்து "வாழ்த்துகள்" என்று ஒரு திரை, அவ்வளவுதான். அதற்கு மேல் விளையாட முடியாது. எனக்கோ அங்கேதான் ஆசை ஆரம்பித்தது. ஒரு மசோதாவுக்கு 22 பேரிடமும் அடுத்த மசோதாவுக்கு 14 பேரிடமும் போய்ப் பேசிக்கொண்டே நாலு வருஷம் ஓட்டுவது எப்படி என்று பார்க்க வேண்டாமா? ஆஸ்திரேலியாவில் 2010-ல் இரண்டு பெரிய அணிகளும் 72-க்கு 72 என்று நின்று, 17 நாள் பேச்சுக்குப் பிறகு பிரதமர் கில்லார்ட் 76 பேரைச் சேர்த்து, மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக, சட்டத்துக்கு மேல் சட்டமாக நிறைவேற்றிக்கொண்டுதானே இருந்தார். அந்த மூன்று வருஷம்தான் எனக்கு வேண்டும், பதவியேற்பு விழா அல்ல. குட்டித் தேர்வுகளில் ஒரு கேள்விக்குச் சரியான விடையைத் தப்பு என்று காட்டுகிறது. சான்றிதழ் ஒன்று வந்தது, என் பெயரில் ஒரு எழுத்து குறைவு.

யார் வாங்கலாம்? தேர்தல் இரவில் டிவி பார்த்துக் கத்துகிறவர்கள், வாங்கலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதை மட்டும் நம்ப வேண்டாம், அமைச்சரவை மக்களவைக்குப் பொறுப்பு என்கிற அரசியலமைப்பின் 75-வது பிரிவோ, கட்சித் தாவல் தடைச் சட்டமோ இதில் கிடையாது. கொறடாவின் உத்தரவை மீறி நடுநிலை வகித்தாலே பதவி போகும் என்பது இந்தியாவில் முழுக் கணக்கையும் மாற்றுகிற விஷயம், தனி ஒரு எம்.பி. போய் ஓட்டுப் போடாமல் உட்கார முடியாது, கட்சியே முடிவு செய்ய வேண்டும். ஸ்வீடன் பாடத்தை அப்படியே இங்கே ஒட்டினால் இடறும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், அதில் இரண்டு விளையாட்டுக்கு மட்டும்.

சப்டைட்டிலைப் பற்றி அவர்களுக்கு ஒரு மெயில் போட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து, மிகவும் நன்றி, திருத்திவிட்டோம் என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தேன். கொறடா இன்னும் சவுக்குதான். ஆனால் தூக்கிலிடப்பட்ட நாடாளுமன்றம் இப்போது "தொங்கவிடப்பட்ட நாடாளுமன்றம்" ஆகியிருக்கிறது.